இதயத்தின் எழுத்தை வாசித்தவர்

மனித இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நுண்ணிய மின்தூண்டலில் பிறக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அம்மின்னோட்டத்தைத் தெளிவான கோடாக வரைந்து காட்டியவர் வில்லெம் ஐந்தோவன்.

இவர் 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஜாவாத் தீவிலுள்ள செமராங் நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் தம் ஆறு குழந்தைகளுடன் நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். ஐந்தோவன் அங்கு மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் விளையாட்டின்போது விழுந்ததால் மணிக்கட்டு முறிந்தது. அவரோ அதனால் சோர்ந்துவிடாமல், முன்கையின் அசைவையே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தடையைப் பாடமாக்கும் இவ்வியல்பு அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. 25ஆம் வயதில் லைடன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1887ஆம் ஆண்டு லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதரசக் கருவியால் பதிவு செய்தார். ஆனால், இதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்கப் பாதரசத்தால் இயலவில்லை, பதிவு திரிந்தது. ஐந்தோவன் பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்தினார். திருத்தத்தோடு நிறைவடையாமல், பிழையற்ற கருவியையே படைக்க முனைந்தார். உருக்கிய குவார்ட்சை அம்பில் இணைத்து எய்து, மிக மெல்லிய இழையாக்கினார். வெள்ளி பூசிய அவ்விழையை வலிய மின்காந்தத்தின் நடுவே பொருத்தினார். இதய மின்னோட்டம் பாயும்போது இழை அசைந்தது. அதன் நிழல் ஒளிப்படத் தகட்டில் பதிவானது. இந்த இழைக் கால்வனோமீட்டரை அவர் 1901ஆம் ஆண்டு அறிவித்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்க ஐவர் தேவைப்பட்டனர். கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாததால், 1905ஆம் ஆண்டில் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையை ஆய்வகத்துடன் கம்பியால் இணைத்தார். நோயாளியின் கைகளும் காலும் உப்புநீரில் நனைந்திருக்க, துடிப்பின் மின்குறி ஆய்வகத்தை அடைந்தது.

அக்கோட்டின் மேடுபள்ளங்களுக்கு அவர் பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் தோன்றும் தூண்டல் மேலறைகளில் பரவுவதைப் பி அலை காட்டுகிறது. உடனே அவை சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. தூண்டல் இடையிலுள்ள கணுவில் சற்றே தாமதிக்கிறது. கீழறைகள் நிரம்ப அத்தாமதம் உதவுகிறது. பின்னர் ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் வழியே அது கீழறைகளில் பரவுவதே க்யூ ஆர் எஸ் தொகுதி. கீழறைகள் சுருங்க, குருதி நுரையீரலுக்கும் உடலெங்கும் பாய்கிறது. அவை மின்னளவில் பழைய நிலைக்கு மீள்வதை டி அலை உணர்த்துகிறது.

1924ஆம் ஆண்டு ஐந்தோவன் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் லைடனில் மறைந்தார். அவரது பெருங்கருவி இன்று கையடக்கமாகச் சுருங்கிவிட்டது. எனினும், மார்புவலியோடு வரும் நோயாளியின் இதயத்தை அறிய மருத்துவர் முதலில் வாசிப்பது, அவர் பெயரிட்ட அந்த ஐந்து எழுத்துகளையே.