சேலை கட்டக் கற்றுக் கொடுத்த சீமாட்டி

சேலை கட்டுவதைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தாய் கட்டுவதைப் பார்த்து மகள் கட்டுவாள். அக்காளைப் பார்த்துத் தங்கை கட்டுவாள்.

ஆனால், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, வெளியே போவதற்கு ஏற்றபடி சேலை கட்டக் கற்றுத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்த ஒரு பெண்மணி இருந்தார்.

அவர் தையற்கடை வைத்தவர் அல்ல. ஜவுளி வியாபாரியும் அல்ல. வங்காளத்தின் பெரிய ஜமீன்தார் குடும்பம் ஒன்றின் மருமகள். கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி.

அவர் பெயர் ஞானதா நந்தினி தேவி.

ஏழு வயதில் கலியாணம்

ஞானதா நந்தினி 1850-ல் பிறந்தார். ஊர், வங்காளத்தில் ஜெஸ்ஸூர் சீமையைச் சேர்ந்த நரேந்திரப்பூர் கிராமம். தந்தை அபய சரண் முகர்ஜி. தாய் நிஸ்தாரிணி தேவி.

1857-ல் அவருக்குக் கலியாணம் நடந்தது. அப்போது பெண்ணுக்கு வயது ஏழு!

மாப்பிள்ளை சத்தியேந்திரநாத் தாகூர். மகரிஷி தேவேந்திரநாத் தாகூரின் இரண்டாவது மகன். கல்கத்தாவில் ஜோராசங்கோ என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய மாளிகை ஒரு சிற்றூரைப் போல் பெரிது.

அந்த மாளிகையில் பெண்கள் இருக்கும் பகுதி தனி. அந்தப்புரத்தை விட்டு அவர்கள் வெளியே வரக்கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. அந்த வீட்டுப் பெண்கள் கங்கையில் குளிக்க ஆசைப்பட்டால், மூடிய பல்லக்கில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள். பல்லக்கோடு ஆற்றில் முக்கி எடுத்துத் திரும்பக் கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் குளியல்!

சத்தியேந்திரநாத்துக்கு இது பிடிக்கவில்லை. தன் மனைவி படிக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அவருக்கு மனமோகன் கோஷ் என்று ஒரு நண்பர். நண்பனின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எப்படி முடியும்? ஒருநாள் இரவு இரண்டு நண்பர்களும் ஒரே நேரத்தில் கால் எடுத்து வைத்து, ஒருவர் நடப்பதுபோல ஓசை எழுப்பி, அந்தப்புரத்துக்குள் நுழைந்தார்கள். நண்பரைக் கொசு வலைக்குள் மனைவியின் எதிரே உட்கார வைத்தார் சத்தியேந்திரநாத். பெண் வாய் திறக்கவில்லை. வந்தவரும் பேசவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

கணவர் ஐ.சி.எஸ். பரீட்சைக்காகச் சீமைக்குப் போனார். அந்த நாளில் மைத்துனர் ஹேமேந்திரநாத் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஞானதா நந்தினியும் படித்தார்.

1863-ல் சத்தியேந்திரநாத் பரீட்சையில் தேறினார். ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர் அவரே. அடுத்த ஆண்டு தாய்நாடு திரும்பினார். அவருக்குப் பம்பாய் மாகாணத்தில் உத்தியோகம் கிடைத்தது. மனைவியையும் உடன் அழைத்துப் போக முடிவு செய்தார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது.

எதை உடுத்துவது?

அந்தக் கால வங்காளப் பெண்கள் மெல்லிய சேலை ஒன்றை மட்டும் உடலில் சுற்றிக் கொள்வார்கள். உள்ளே பாவாடை கிடையாது. ரவிக்கை கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது போதும். வங்காளத்து வெயிலுக்கும் அது சுகம்.

ஆனால், அந்த உடையோடு கப்பல் ஏற முடியுமா? நாலு பேர் நடுவில் உட்கார முடியுமா? அந்தப்புரக் கதவு திறந்தாலும், வெளியே வர உடை இல்லை!

கல்கத்தாவில் பிரெஞ்சுத் தையற்கடை ஒன்று இருந்தது. கீழ்நாட்டுப் பாணி என்று சொல்லி, அங்கே ஓர் உடை தைத்து வாங்கினார்கள். விலை உயர்ந்த உடைதான். ஆனால் அணிவது பெரும் பாடு. ஞானதா நந்தினியால் அதைத் தானாகப் போட்டுக்கொள்ள முடியவில்லை. கணவர் உதவி செய்ய வேண்டியிருந்தது.

தைப்பவருக்கு, அணிகிறவரின் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல துணியும் பாரம்தான். அந்தப் பிரெஞ்சு உடை இதற்கு ஓர் உதாரணம்.

வீட்டு வாசலிலிருந்து வண்டியில் ஏற்றிப் போக சத்தியேந்திரநாத் நினைத்தார். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. மூடிய பல்லக்கிலேயே கப்பல் வரைக்கும் கொண்டு போனார்கள். இது 1864-ல் நடந்தது.

பார்சி வீட்டில் பாடம்

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பிரமுகர் வீட்டில் தம்பதிகள் சில மாதம் தங்கினார்கள். பெண் கல்விக்குப் பாடுபட்டவர் அவர். 1863-ல் பம்பாயில் பெண்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியவர்.

அந்த வீட்டுப் பெண்கள் விருந்தினர் முன் வந்தார்கள். பேசினார்கள். வெளியே போனார்கள். அவர்கள் உடுத்தியதும் சேலைதான்! ஆனால் உள்ளே சட்டை இருந்தது. பாவாடை இருந்தது. சேலை நலுங்காமல் நின்றது.

ஞானதா நந்தினி இதைக் கூர்ந்து கவனித்தார். கவுனும் வேண்டாம், பிரெஞ்சு உடையும் வேண்டாம் என்று கண்டுகொண்டார்.

அவர் பார்சி முறையை அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை. பார்சிப் பெண்கள் முந்தானையை வலது தோளில் போடுவார்கள். அவர் இடது தோளுக்கு மாற்றினார். வலது கை தாராளமாக வேலை செய்ய இது வசதி. உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை, காலுக்குச் செருப்பு என்று முழு உடையாக அதை அமைத்துக் கொண்டார்.

விருந்தில் ஒரு பெண்

சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்கத்தா திரும்பினார். இந்தத் தடவை பல்லக்கு இல்லை. எல்லாரும் பார்க்க வாசலில் வண்டியிலிருந்து இறங்கினார். இழவு விழுந்த வீடுபோல, மாளிகையில் அழுகை எழுந்ததாம்! குடும்பத்திலேயே சிலர் அவரோடு ஒட்டாமல் ஒதுங்கி இருந்தார்கள்.

1866-ல் வைசிராய் லாரன்ஸ் பிரபு மாளிகையில் ஒரு விருந்து. ஞானதா நந்தினி தன் புதிய உடையில் அங்கே போனார். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பலர் நடுவே ஒரே ஒரு வங்காளப் பெண்! போபால் அரசி வந்திருக்கிறார் என்று சிலர் நினைத்து விட்டார்கள்.

உறவினரான பிரசன்ன குமார் தாகூரும் அந்த விருந்துக்கு வந்திருந்தார். தங்கள் குலத்து மருமகள் அந்நியர் நடுவே நிற்பதைக் கண்டார். வெட்கமும் கோபமும் தாங்காமல் விருந்தை விட்டே வெளியேறினார்.

பத்திரிகையில் விளம்பரம்

வேறொருவராக இருந்தால் இத்தனை ஏச்சுக்குப் பிறகு பழைய வழிக்கே திரும்பி இருப்பார். அல்லது, தான் மட்டும் அந்த உடையை உடுத்திக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்.

ஞானதா நந்தினி இரண்டும் செய்யவில்லை. தான் கற்றதை மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்க முன்வந்தார்.

அப்போது வங்காளத்தில் பாமாபோதினி பத்திரிகா என்ற பெண்கள் பத்திரிகை நடந்து வந்தது. 1863-ல் தொடங்கியது. புதிய முறையில் உடுத்தக் கற்றுத் தருவதாக ஞானதா நந்தினி அதில் விளம்பரம் செய்தார்.

பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒருவர் பிகாரிலால் குப்தா என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் மனைவி சௌதாமினி. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பங்களில் இந்த முறை வேகமாகப் பரவியது. பம்பாயிலிருந்து வந்ததால் பம்பாய்ப் பாணி என்றார்கள். தாகூர் வீட்டுச் சேலை என்றார்கள். பிறகு பிராமிகா சேலை என்ற பெயர் நிலைத்தது.

அவருக்குப் பின் வந்தவர்களும் அதைத் திருத்தினார்கள். கூச்பிகார் மகாராணி சுநீதி தேவி, தொங்கும் முந்தானையைத் தோளில் ஊசி குத்தி நிறுத்தினார். தென்னாட்டுக் கொசுவ முறைகளும் சேர்ந்தன. இப்படிப் பல கைகள் பட்டு உருவானதுதான் இன்றைய சேலைக்கட்டு. அதில் முக்கியமான ஒரு கை ஞானதா நந்தினியுடையது.

பாவாடை நாடாவின் மகிமை

சேலைக்குள் மறைந்திருக்கும் உள்பாவாடையை யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் பெரிய வேலை செய்வது அதுதான்.

பாவாடை நாடா இடுப்பில் இறுக நிற்கிறது. கொசுவத்தை மடித்து அதில் செருகினால், சேலையின் பாரத்தை நாடா தாங்குகிறது. நடக்கும்போது கொசுவம் விரிந்து கொடுக்கிறது. படி ஏறலாம். வண்டி ஏறலாம். ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.

ரவிக்கையும் அப்படியே. உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை இருந்தால், முந்தானை விலகுமோ என்ற பயம் இல்லை. கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதலாம்.

வெளியே போக வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு வந்த தேவைதான் வங்காளத்துச் சேலைக்குள் பாவாடையையும் ரவிக்கையையும் கொண்டு வந்தது.

தென்கோடியில் ஒரு போராட்டம்

ஏறக்குறைய அதே காலத்தில், தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வேறொரு கதை நடந்தது. அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மூடித் துணி அணியக்கூடாது என்று தடை இருந்தது. அணிந்தவர்கள் அடிபட்டார்கள். துணியைக் கிழித்தார்கள். பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1859-ல் மேலாடை அணியும் உரிமையை அரசர் அறிவிக்க வேண்டி வந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று அது பெயர் பெற்றது.

கல்கத்தா மாளிகையில் ரவிக்கை போட்டதற்காகப் பழி. திருவிதாங்கூரில் அதற்காக அடி. பணக்காரப் பெண்ணின் கஷ்டமும் ஏழைப் பெண்ணின் கஷ்டமும் ஒன்றல்ல. ஆனால் தன் உடம்பில் எதை உடுத்துவது என்பதைப் பிறர் தீர்மானித்தார்கள் என்பதில் இரண்டும் ஒன்று.

கடல் கடந்த துயரம்

1877-ல் ஞானதா நந்தினி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கணவர் உடன் வரவில்லை. சின்னஞ்சிறு குழந்தைகள் மூன்று பேர். வயிற்றில் ஒரு குழந்தை. அந்தக் காலத்தில் ஓர் இந்தியப் பெண் இப்படிக் கடல் கடப்பது யாரும் கேள்விப்படாத சங்கதி.

லண்டனில் அவரை வரவேற்றவர் ஞானேந்திரமோகன் தாகூர். யார் தெரியுமா? விருந்திலிருந்து கோபித்துக்கொண்டு போன பிரசன்ன குமாரின் மகன்! கிறிஸ்தவரானதால் தந்தையின் சொத்தை இழந்தவர்.

இங்கிலாந்து வாழ்க்கை அவருக்குச் சோகத்தையும் கொடுத்தது. அங்கே பிறந்த குழந்தை தங்கவில்லை. கடைக்குட்டி மகனும் அங்கேயே இறந்தான். இரண்டு பிள்ளைகளை அந்நிய மண்ணில் பறிகொடுத்த தாயின் வேதனையைச் சொல்ல வேண்டுமா?

1878-ல் கணவரும், 17 வயது மைத்துனர் ரவீந்திரநாத்தும் வந்து சேர்ந்தார்கள். 1880-ல் எல்லாரும் நாடு திரும்பினார்கள்.

பிள்ளைகளுக்காக ஒரு பத்திரிகை

துயரம் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. 1885-ல் பாலக் என்ற சிறுவர் பத்திரிகையை நடத்தினார். ரவீந்திரநாத்தை அதில் நிறைய எழுத வைத்தார். சிறுவர்களுக்கு நாடகங்கள் எழுதினார். ரவீந்திரநாத்தின் ராஜா ஓ ராணி நாடகத்தில் ராணி வேடம் ஏற்று நடித்தார்.

1883-ல் ரவீந்திரநாத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சிறுமி மிருணாளினியைப் பழக்கி ஆளாக்கிய பொறுப்பும் இந்த அண்ணியுடையதே. அவருடைய மகள் இந்திரா தேவி, 1956-ல் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை வகித்தார். திரைக்குள் எழுத்துக் கற்ற தாயின் மகள் பல்கலைக்கழகத்தையே நடத்தினார்!

1923-ல் சத்தியேந்திரநாத் காலமானார். 1941-ல், ரவீந்திரநாத் மறைந்த அதே ஆண்டில், ஞானதா நந்தினியும் மறைந்தார். வயது 91.

கலவையிலும் ஆம்பூரிலும்

அவர் வாழ்ந்த காலத்திலேயே தையல் இயந்திரம் நாட்டுக்குள் வந்தது. 1930-களில் அதே கல்கத்தாவில் உஷா இயந்திரம் தயாராகத் தொடங்கியது. கடைகளில் ஆண்கள் தைத்த ரவிக்கையை வீட்டில் பெண்களே தைக்க அது வழி செய்தது.

ஆற்காட்டுப் பக்கம் கலவை போன்ற ஊர்களிலும் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, தோள், மார்பு, இடுப்பு, கை உயரம் என்று குறிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால், முதலில் காகிதத்தில் வெட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள். பிறகு ஓரம் அடிப்பது, காஜா எடுப்பது, கொக்கி வைப்பது. ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து செருப்பின் மேல்தோலைத் தைக்கிறார்கள். காலையில் பஸ் ஏறுகிறார்கள். மாலையில் திரும்புகிறார்கள். யாரும் அழுவதில்லை. யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை.

தெரிந்த தொழிலை ஒளித்து வைத்துக் கொள்வோர் உண்டு. கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்போரும் உண்டு. ஞானதா நந்தினி இரண்டாவது வகை. கற்றதைத் தன்னோடு வைத்துக் கொண்டிருந்தால், அவர் உடை ஒரு பணக்கார வீட்டு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஊருக்குச் சொல்லிக் கொடுத்ததால், ஊர் உடையாக ஆயிற்று.