பிள்ளைப் பருவத்தில் கேட்ட கீதம்

பிரான்சு தேசத்தின் லூவியே பட்டணத்தில், 1902-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி மோரிஸ் துருஃப்ளே பிறந்தார். மகனுக்குப் பத்து வயதானபோது, தந்தையார் அவனை ரூவான் மேற்றிராசனக் கோவிலின் பாடகர் பள்ளியில் சேர்த்து, அங்கேயே தங்கிப் படிக்கும்படி விட்டுச் சென்றார். வீட்டைப் பிரிந்த சிறுவன் மிகவும் கலங்கினான்.

ஆனால் அவன் ஆயுள் முழுவதற்குமான செல்வம் அங்கேதான் கிடைத்தது. பூசையிலும் மற்றத் திருச்சடங்குகளிலும் கிரகோரிய கீதம் அவன் செவியில் விழுந்தது. தாளக்கட்டு இன்றி, இலத்தீன் வார்த்தைகளின் போக்கிலேயே, எல்லாரும் ஒரே சுரமாய்ப் பாடும் பழமையான கீதம் அது. 1918 வரை அதிலேயே வளர்ந்தான்.

பின்பு பாரிஸ் நகரில் சங்கீதம் பயின்று, அர்ச். முடியப்பர் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரானார். சாகும்வரை அப்பதவி அவருக்கே உரியதாயிருந்தது. 1947-ல், மரித்தோருக்கான பூசையின் பழைய கீதங்களைக் கொண்டு 'ரெக்வியெம்' இயற்றினார். அன்று தம்மைப் பள்ளியில் விட்டுச் சென்ற தந்தையின் நினைவுக்கே அதைக் காணிக்கையாக்கினார்.

1960-ல் நான்கு மோட்டெட்டுகள் வெளிவந்தன. வாத்தியமின்றிப் பல குரல்கள் சேர்ந்து பாடும் சிறு தேவகீதமே மோட்டெட். ஒன்று தேவமாதாவைக் குறித்தது, ஒன்று அர்ச். இராயப்பரைக் குறித்தது, ஒன்று தேவநற்கருணை ஆராதனைக்குரியது. யாவரும் அறிந்தது 'ஊபி காரித்தாஸ்'. பெரிய வியாழனன்று பாதங் கழுவும் சடங்கில் பிறர்சிநேகத்தைப் போற்றிப் பாடும் பழைய பாட்டே அதற்கு ஆதாரம். பழைய மெட்டை முதலில் பெண்களின் தாழ்ந்த குரலுக்குக் கொடுத்து, மற்றக் குரல்களை அதற்குத் துணையாக மெல்லச் சேர்த்தார். வார்த்தையின் நடை கெடாதபடி, தாள அளவை அடிக்கடி மாற்றி எழுதினார்.

அந்தப் பத்தாண்டுகளிலேயே பூசை அந்தந்த நாட்டு மொழிகளுக்கு மாறியது. 1963-ல் வத்திக்கான் சங்கம் கிரகோரிய கீதத்துக்கு முதலிடம் தந்திருந்தும், பல கோவில்களில் அது ஓய்ந்துபோயிற்று. துருஃப்ளே இதற்காக மிகவும் மனம் நொந்தார்.

1975-ல் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் கால்கள் முறிந்தன. காலாலும் வாசிக்க வேண்டிய ஆர்கனை அதன்பின் அவர் வாசிக்க இயலவில்லை. அதே விபத்தில் காயமுற்ற அவர் மனைவி மரி-மதலேன் தேறி எழுந்து, ஆலயத்தில் தொடர்ந்து வாசித்து வந்தார். 1986-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி துருஃப்ளே மரித்தார்.

அச்சில் அவர் விட்டுச் சென்ற படைப்புகள் சொற்பமே. ஆயினும் 'ஊபி காரித்தாஸ்' இன்றும் பல தேசங்களில் பாடப்படுகிறது. பெற்றோர்களே, கோவிலில் கேட்கும் கீதம் பிள்ளையின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாய் வேரூன்றும் என்பதை இவர் சரித்திரத்தில் காணலாம்.