வளைந்த விரல்கள் கொடுத்த கண்ணொளி

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாதவர் தென்பாண்டிச் சீமையில் இல்லை. அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, கண் டாக்டராக வேண்டும் என்று நினைத்தவரே அல்ல. அவர் விரும்பியது வேறு படிப்பு!

மூன்று சாவு

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்று ஒரு கிராமம். அங்கு ஒரு விவசாயி வீட்டில் 1918-ம் ஆண்டு வெங்கடசாமி பிறந்தார். பள்ளியில் காகிதமும் பென்சிலும் கிடையாது. மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்.

ஊரில் டாக்டரும் கிடையாது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், பிள்ளைத்தாய்ச்சிகளாக இருந்தபோதே இறந்து போனார்கள். அது சிறுவனின் மனதில் தைத்தது. பிரசவ டாக்டராவது என்று அன்றே முடிவு செய்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

படுத்த படுக்கை

டாக்டர் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. ஒரு துறையில் நிபுணராக வேண்டுமானால், மேற்கொண்டு படித்துப் பயிற்சி பெற வேண்டும். பிரசவ வைத்தியத்தில் அப்படித் தேற வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அந்த ஆசையில் மண் விழுந்தது. கடுமையான மூட்டுவாதம் அவரைத் தாக்கியது. கை கால் மூட்டுகள் வீங்கின. விரல்கள் கோணி வளைந்தன. 1948-ல் ராணுவத்தை விட்டு வெளியேறினார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்பதே பெரும்பாடு. வலி உயிரை வாங்கியது.

பிரசவ டாக்டர் இரவு பகல் பாராமல் நிற்க வேண்டும். இந்த உடம்புக்கு அது ஆகாது என்று ஆகிவிட்டது.

கத்தி பிடித்த கை

அவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. கண் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். அதுவும் எளிதா? கண் ஆபரேஷனில் கத்தி இம்மி பிசகக் கூடாது. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட விரல்கள் அவருடையவை!

விடாமல் பழகினார். தம் விரல்களுக்கு ஏற்றபடி தனிக் கருவிகளை அமைத்துக் கொண்டார். 1951-ல் கண் வைத்திய நிபுணராகத் தேறினார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவரானார்.

அங்கேயே நின்றுவிடவில்லை. சுற்றுப்புறக் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரே நாளில் நூறு ஆபரேஷன் வரை செய்தார். 1973-ல் "பத்மஸ்ரீ" விருது கிடைத்தது.

11 படுக்கைகள்

1976-ல் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். வயது 58. சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. 11 படுக்கைகளுடன் கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். பணத்துக்காகக் குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் துணை நின்றார்கள்.

வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை நடந்தது. 11 படுக்கை ஆஸ்பத்திரி, உலகமே வந்து பார்க்கும் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. 2006 ஜூலை 7-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். வளைந்த விரல்கள் கடைசி வரை நிமிரவில்லை. ஆனால், அந்த விரல்களால் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!