பாக்கும் நகரசபையாரும்

ஜெர்மன் ஸங்கீத மேதை ஜோஹான் ஸெபாஸ்டியன் பாக்கின் கீர்த்தியை இன்று உலகம் அறியும். அவருக்குச் சம்பளம் கொடுத்த லீப்ஸிக் நகரசபையாரோ அதை அறிந்தாரில்லை. 1723-ம் வருஷத்தில், தாங்கள் விரும்பிய டெலிமானும் கிராப்னரும் கிடைக்காமற் போன பின்னரே, தாமஸ் பள்ளியையும் தேவாலயங்களையும் சேர்ந்த ஸங்கீத உத்தியோகத்தை இவருக்கு அளித்தனர். ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் ஞாயிறுதோறும் புதிய கீதம் இயற்றி, சிறுவரைக்கொண்டு பாடுவித்தார் பாக். சபையார் கண்ணிற் பட்டது வேறு: அவர் வகுப்பைச் சரிவர நடத்துவதில்லையாம்! 1730-ல் அவரது மேல்வரும்படியில் கை வைக்கவும் துணிந்தனர்.

அவ்வருஷம் ஆகஸ்டில் பாக் ஒரு மனு எழுதினார். அதில் புலம்பல் இல்லை, கணக்கே இருக்கிறது. 54 மாணவரில் பாடத் தகுந்தவர் 17 பேர்; இன்னும் பயிற்சி வேண்டியவர் 20 பேர்; எஞ்சிய 17 பேர் எதற்கும் உதவார். வாத்தியக்காரர் 18 பேரேனும் வேண்டிய இடத்தில் இருந்தவர் 8 பேர். இதனினும் தெளிவாக எழுத முடியுமென்று நாம் கருதவில்லை. பாக் முன்கோபி, பணிந்து போக அறியாதவர் என்பது மெய்யே. ஆயினும் கணக்குக்குக் கோபமேது?

வேற்றூரில் வேலை தேடினார், வாய்க்கவில்லை. 1749-ல், அவர் உயிரோடிருக்கும்போதே, அவர் ஸ்தானத்துக்கு வேறொருவரைப் பரீட்சை பார்த்தனர். 1750 ஜூலை 28-ல் பாக் காலமானார். அடுத்த மாதம் கூடிய சபையில் அங்கத்தினர் ஒருவர், பள்ளிக்கு வேண்டுவது பாட்டு வாத்தியாரேயன்றி அரண்மனை வித்வான் அல்லர் என்று அபிப்பிராயம் தெரிவித்தார்.