ஸ்டான்லி மில்கிரம்

ஸ்டான்லி மில்கிரம் (ஆகஸ்ட் 15, 1933 - டிசம்பர் 20, 1984) ஓர் அமெரிக்க சமூக உளவியலாளர் ஆவார். நியூயார்க்கில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1961 இல் இவர் தொடங்கிய, அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல் பற்றிய சோதனைகள் பெரும் புகழையும் கண்டனத்தையும் பெற்றன.

தொலைந்த கடித முறை

அரசியல் கருத்தை நேரடியாகக் கேட்டால் மக்கள் மறைக்கக்கூடும். எனவே 1963 இல் இவரது குழுவினர், அஞ்சல்தலை ஒட்டிய 400 கடிதங்களை நியூ ஹேவன் நகரத் தெருக்களிலும் கடைகளிலும் தவறவிட்டவை போல் போட்டனர். கண்டெடுப்போர் அவற்றை அஞ்சலில் சேர்க்கின்றனரா என்பதே சோதனை. மருத்துவ ஆய்வு அமைப்பு, தனிநபர், பொதுவுடைமைக் கட்சியின் நண்பர்கள், நாசிக் கட்சியின் நண்பர்கள் என நான்கு கற்பனைப் பெயர்களுக்குத் தலா 100 கடிதங்கள் முகவரியிடப்பட்டிருந்தன. முதலிரண்டில் முறையே 72, 71 கடிதங்கள் வந்துசேர்ந்தன. கட்சிப் பெயர் கொண்டவற்றில் தலா 25 மட்டுமே வந்தன. சொல்லைவிடச் செயலால் பொதுக்கருத்தை அளக்கும் இம்முறையைப் பிற்கால ஆய்வாளர் பலரும் பின்பற்றினர்.

இறப்பு

மில்கிரம் தமது 51 ஆவது அகவையில் மாரடைப்பால் காலமானார்.