விதையிலிருந்து வேருக்கு

மழை பொய்த்தால் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறோம். வறட்சி தாங்கும் விதையைத் தேடுகிறோம். பயிரின் வேரைச் சூழ்ந்திருக்கும் மண்ணை யாரும் பேசுவதில்லை. விதை ஆராய்ச்சியில் தொடங்கி அந்த மண்ணை வந்தடைந்த ஆல்பர்ட் ஹோவார்டின் வாழ்க்கை, இன்று நாம் நினைவுகூர வேண்டிய ஒன்று என நான் கருதுகிறேன்.

1873-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹோவார்டு, 1905-இல் இன்றைய பிகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தாவர உடலியல் வல்லுநரான மனைவி கேப்ரியேலுடன் இணைந்து அவர் உருவாக்கிய பூசா கோதுமை ரகங்கள் புகழ்பெற்றன. அந்தப் புகழோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், நல்ல விதையும் சீர்கெட்ட மண்ணில் தோற்றுப்போவதை அவர் கண்டார்.

மழை அரிதான குவெட்டாவில் இத்தம்பதியர் செய்த ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. விதைப்புக்கு முன் பாய்ச்சிய நீரை, மேல்மண் இறுகிவிடாமல் கிளறிவிட்டுக் காத்தால், மிகக் குறைந்த பாசனத்திலேயே கோதுமை விளையும் என அவர்கள் காட்டினர். மண்ணுக்கு நீரைப் போலவே காற்றும் தேவை என்பது அதிலிருந்து அவர்கள் பெற்ற பாடம்.

1924-இல் இந்தூரில் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையத்தின் தலைமையை ஹோவார்டு ஏற்றார். பயிர்க்கழிவையும் சாணத்தையும் மட்கவைக்கும் இந்தூர் முறை அங்கு உருவானது. 1930-இல் கேப்ரியேல் மறைந்தார். மறு ஆண்டு நாடு திரும்பிய ஹோவார்டு, 1947-இல் மறையும்வரை மட்கு உரத்துக்காகவும், வேரோடு கூடி வாழும் உட்பூசணத்துக்காகவும் வாதாடினார்.

அவர் சொன்ன அனைத்தையும் நான் ஏற்கவில்லை. செடி பூசண இழைகளைச் செரித்து உணவாக்குகிறது என்பது போன்ற அவரது விளக்கங்கள், சான்றுகளைத் தாண்டிச் சென்றவை. ஆனால், அவர் சுட்டிக்காட்டிய திசை சரியானது. வேர்த்தூவி நுழைய முடியாத மண் துளைகளிலும் பூசண இழைகள் நுழைந்து, நீரையும் மணிச்சத்தையும் வேருக்குக் கொண்டுவருகின்றன. வேரோரப் பாக்டீரியாக்கள் சுரக்கும் பசை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. வாடும் செடியில் மிகுந்து வேர் வளர்ச்சியைத் தடுக்கும் எத்திலீனைச் சில பாக்டீரியாக்கள் குறைக்கின்றன. நெல்லிலும் சோளத்திலும் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், வறட்சியில் ஆக்டினோபாக்டீரியாக்கள் வேரில் பெருகுவதைக் காட்டின; சோளத்தில், நீர் கிடைத்ததும் பழைய நிலை பெருமளவு திரும்பியது. இந்தப் பெருக்கம் செடிக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

இந்த உயிர்க்கூட்டத்துக்கு உணவு மட்கும், வேர் கசியும் சர்க்கரையும்தான். மணிச்சத்து உரம் மிகும்போது வேர் உட்பூசணம் குறைகிறது. வைக்கோலையும் தாளையும் எரித்துவிட்டு, உரத்தை அளவின்றி இட்டு, வறட்சி தாங்கும் ரகத்தை மட்டும் நம்புவது, தன் பாதித் துணையை இழந்த பயிரைக் களத்தில் இறக்குவதாகும்.

புதிய ரகங்கள் வேண்டாம் என நான் சொல்லவில்லை. ஹோவார்டே அவற்றை உருவாக்கியவர்தான். ரகங்களைத் தேர்வு செய்யும்போது அவை மண்ணுயிர்களோடு எப்படி ஒத்துழைக்கின்றன என்பதையும் சோதிக்க வேண்டும். வறட்சி நிவாரணத்துக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு, மழை பொய்ப்பதற்கு முன்பே மண்ணின் மட்கை உயர்த்தச் செலவிடப்பட வேண்டும். மட்கு ஒரே பருவத்தில் சேர்வதில்லை. வயல் வெடித்த பிறகு அதைத் தேடினால் கிடைக்காது.