தோற்றுத் தோற்றுச் சிரிக்க வைத்தவர்: ரொமி கூப்பர் (1921–1984)

எழுபதுகளில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலருக்கு இந்த மனிதரை நினைவிருக்கும். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி, மேசை நிறையத் தட்டுமுட்டுச் சாமான்கள். ஆங்கிலம் அரைகுறையாக விளங்கினாலும் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிக்கலாம். அவர்தான் ரொமி கூப்பர்.

1921 மார்ச் 19ஆம் திகதி வேல்ஸில் உள்ள கெயர்பிலி நகரில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் எக்சிற்றர் நகருக்குக் குடிபெயர்ந்தது. எட்டு வயதில் பரிசாகக் கிடைத்த ஒரு மாயவித்தைப் பெட்டியே அவரது பாதையைத் தீர்மானித்தது எனலாம்.

பின்னர் சவுத்தாம்ரனுக்கு அருகே கப்பல் கட்டும் தொழில் பழகினார். அங்கே சக தொழிலாளர் முன்னிலையில் செய்த வித்தை பிழைத்துப் போனது. வெட்கத்தோடு இறங்கியவர், சபை சிரித்ததை யோசித்துப் பார்த்தார். வித்தை பலித்தால் கைதட்டுவார்கள். பிழைத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இந்த உண்மையே அவரது வாழ்நாள் முதலாயிற்று.

1940இல் இராணுவத்தில் சேர்ந்து எகிப்தில் பணியாற்றினார். படைவீரரை மகிழ்விக்கும் குழுவில் கெய்ரோவில் மேடையேறிய ஒருநாள், வழக்கமான தொப்பியை மறந்து வந்ததால் பரிமாறுபவர் ஒருவரின் சிவப்புத் தொப்பியை எடுத்து அணிந்தார் என்பர். அன்று முதல் அதுவே அவரது அடையாளமாயிற்று. 1947இல் க்வென் என்ற பெண்மணியைச் சைப்பிரஸில் மணந்தார்.

போருக்குப் பின் இலண்டன் மேடைகளில் உழைத்து முன்னேறி, 1952இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சித் தொடரைப் பெற்றார். போத்தலும் கிளாசும் இடம் மாற வேண்டிய வித்தையில், வேண்டாத போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் முளைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு காட்சியில் ஒரு பெட்டி நிறையத் தொப்பிகள். கதை சொல்லிக்கொண்டே அவற்றை மாற்றி மாற்றி அணிந்து பல பாத்திரங்களாவார். தவறான தொப்பி கையில் அகப்பட்டுத் தடுமாறுவதே அங்கு வேடிக்கை.

தெரியாதவர் தடுமாறினால் பரிதாபம். தெரிந்தவர் சரியான கணத்தில் தடுமாறினால் அது கலை. அவர் உண்மையில் கைதேர்ந்த வித்தைக்காரர். இலண்டனின் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் சங்கமான மஜிக் சேர்க்கிளின் உறுப்பினர். இடையிடையே ஒரு வித்தையைப் பிசகில்லாமல் செய்து சபையைத் திகைக்க வைப்பார்.

ஆனால் மேடைக்கு வெளியே மதுப்பழக்கம் அவரை வாட்டியது. 1977இல் ரோம் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. தேறியபின் மீண்டும் மேடைக்கே வந்தார்.

1984 ஏப்ரல் 15ஆம் திகதி இலண்டன் ஹேர் மெஜஸ்ரீஸ் அரங்கில் நடந்த நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. உதவியாளர் நீண்ட அங்கியை அணிவித்துச் சென்றார். அதனுள்ளிருந்து பெரிய பெரிய பொருட்கள் வெளிவர வேண்டும். அதற்குள் கூப்பர் திரையோடு சரிந்து அமர்ந்தார். இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்றெண்ணிச் சபை சிரித்தது. அது மாரடைப்பு. அவசரமாக விளம்பர இடைவேளை விடப்பட்டது. மருத்துவமனையில் இறப்பு உறுதி செய்யப்பட்டது. வயது 63.

2008இல் கெயர்பிலியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. 2016இல் அவரது சேகரிப்பை இலண்டன் விக்ரோரியா அல்பேட் அரும்பொருட்சாலை வாங்கியது. மேடையில் எல்லாவற்றையும் குழப்பிக் காட்டிய அந்த மனிதர், தம் நகைச்சுவைத் துணுக்குகளை அகரவரிசைப்படி கோவையிட்டு வைத்திருந்தார் என்பதை அது காட்டியது.

ஒருநாள் தற்செயலாக நேர்ந்த தோல்வியை நாற்பது ஆண்டு உழைப்பால் கலையாக்கியவர் அவர். பரீட்சையிலோ அரங்கேற்றத்திலோ தடுமாறி மனம் சோரும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். எப்போதும் நம்மைச் சிரிக்க வைப்பவரின் உடல்நலத்தையும் இடைக்கிடை விசாரியுங்கள்.